விளையும் பயிரும் பந்தயக் குதிரையும்

குதிரைப் பந்தயம் என்றாலே நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ‘ரேஸுக்குப் போகிறவன்’ என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும். அவனுக்குக் கடன் கொடுக்கவும் ஆள் இருக்காது, பெண் கொடுக்கவும் ஆள் இருக்காது. அந்த வெறுப்பு வீணாக வந்ததன்று. வீடும் நிலமும் ரேஸில் போன கதை ஒன்றையாவது கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அரிது. நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆகவே, நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்களுக்கு, நான் பந்தயக் குதிரையைப் பற்றி எழுதப் புகுந்தது வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த மும்பை நகருக்கு வந்து இரண்டாவது ஆண்டு நடக்கிறது. படிப்பது எம்.எஸ்ஸி. விலங்கியல், சிறப்புப் பாடம் உடலியல். காலைப் பசிக்கு எனக்கும் என் அறைத் தோழர்களுக்கும் கைகொடுப்பவர் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவரும் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமைக்காரர். ஊரைவிட்டு வந்து இருபத்தாறு வருஷங்கள் ஆகியும் பேச்சில் தாமிரவருணித் தண்ணீர் வற்றவில்லை. அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் மகாலக்ஷ்மி பந்தயத் திடலின் லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துவிடும் வேலையில் இருக்கிறான். அவன் கொண்டுவந்த சேதிதான் இவ்வளவுக்கும் மூலம்.

“தம்பி, நீ மிருகங்களப் பத்திப் படிக்கிறவன். லாயத்துல ஒரு குட்டி நிக்காம். இந்த வருஷம் டெர்பி அதுக்குத்தான்னு பய சத்தியம் பண்ணுதான். கைல முப்பதாயிரம் வச்சிருக்கேன். நீ ஒருவாட்டி பார்த்துச் சொல்லேன்” என்றார் அண்ணாச்சி.

அந்த முப்பதாயிரம் எது என்று எனக்குத் தெரியும். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்தின் அடுத்த தவணை அது. ஒரு ரூபாய், ஐந்து ரூபாயாக எத்தனை விடியற்காலைகளில் சேர்ந்த பணம் என்பதையும் ஊகிக்க முடியும். ‘ரேஸ் பொல்லாதது, அண்ணாச்சி’ என்று உபதேசம் செய்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால், அவர் கேட்டது உபதேசம் அன்று, கணிப்பு. விஞ்ஞானம் படிக்கிறவனிடம் கணிப்புக் கேட்டால் அவன் கணித்துத்தான் சொல்ல வேண்டும்.

1883-இல் கட்டப்பட்ட மகாலக்ஷ்மி திடலில் காலை நேரத்தில் பொதுமக்கள் உலாவலாம். நான் நான்கு நாட்கள் விடியுமுன் போய், வேலி ஓரமாக நின்று அந்தக் குதிரையைப் பார்த்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இக்கட்டுரை யாருக்கும் ‘டிப்ஸ்’ ஆகிவிடக் கூடாது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் நகம் அளவு வெள்ளை. நடந்துவரும்போது பின்னங்கால் குளம்பு முன்னங்கால் பதிந்த தடத்தையும் தாண்டி விழுகிறது. நல்ல நடைக்கு அது ஓர் அடையாளம் என்பார்கள். ஓடவிட்டால் தலையை ஆட்டாமல், கழுத்தை நீட்டி, நீர் வழிவதுபோல் போகிறது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: பார்த்த முதல் நாளே எனக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

இந்தியன் டெர்பி 1943-இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே வென்றது ‘பிரின்சஸ் பியூட்டிபுல்’ என்ற பெண்குதிரை. வழக்கமாகப் பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இப்பந்தயத்தின் தூரம் 2400 மீட்டர். நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது, எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் இந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமே இல்லை.

நம் குதிரை இதுவரை ஓடியது ஐந்து பந்தயங்கள். நான்கில் முதலிடம், ஒன்றில் இரண்டாமிடம். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால், ஐந்து என்பது மிகச் சிறிய எண். ஆய்வுக்கூடத்தில் ஐந்து எலிகளை வைத்துக்கொண்டு ஒரு முடிவைச் சொன்னால் எங்கள் பேராசிரியர் நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிடுவார். அதிலும் இந்த ஐந்தில் ஒன்றுகூட 1600 மீட்டருக்கு மேற்பட்டதன்று. டெர்பி அதைப் போல் ஒன்றரை மடங்கு தூரம். வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

1600 மீட்டரைக் குதிரை ஏறத்தாழ ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் கடந்துவிடும். 2400 மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிடிக்கும். ஐம்பது விநாடி வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். குதிரையின் உடம்புக்கு அது பெரிய வித்தியாசம்தான். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் அதன் இதயம் முழு ஓட்டத்தில் 220-க்கு மேல் துடிக்கிறது. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பு அணுக்களை இரத்தத்தில் கொட்டுகிறது. குதிரைக்கு வாயால் மூச்சுவிட இயலாது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்று தாளம் கட்டினாற்போல் நடக்கிறது. மூச்சு முட்டுகிறதே என்று நடுவில் இரண்டு மூச்சு கூடுதலாக வாங்கிக்கொள்ள முடியாது. முதல் விநாடிகளில் தசை தன் கையிருப்பைச் செலவிட்டு ஓடும். அதன் பிறகு, வந்து சேரும் பிராணவாயுவின் வரவுக்குள்தான் செலவு. வரவு குறைந்த குதிரை 1600 மீட்டரில் ராஜாவாக இருக்கும். 2000-ஐத் தாண்டியதும் கால் கனத்துவிடும்.

நம் குதிரைக்கு அந்த வரவு உண்டா? ஒரு சாட்சி, இரத்த வழி. தந்தை குறுகிய தூரத்தில் பெயர் எடுத்த குதிரை. தாயின் வழியில் நெடுந்தூரம் ஓடியவை உண்டு. 2010-இல் டப்ளின் நகர ஆராய்ச்சியாளர்கள் தசை வளர்ச்சியை அடக்கும் மையோஸ்டாட்டின் என்னும் மரபணுவில் இருவகை வடிவங்கள் இருப்பதையும், அவற்றுக்கும் குதிரைக்கு ஏற்ற தூரத்துக்கும் தொடர்பு இருப்பதையும் காட்டினார்கள். ஒரு வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றது குறுந்தூரத்துக்கு ஏற்றது. மற்றதை இருவரிடமிருந்தும் பெற்றது நெடுந்தூரத்துக்கு ஏற்றது. ஆளுக்கு ஒன்று பெற்றது நடுத்தரம். நம் குதிரை எந்த வகை என்பது அதன் உடைமையாளருக்குத் தெரிந்திருக்கலாம்; வேலி ஓரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதன் நீண்ட உடல்வாகையும், ஓட்டம் முடிந்து சில நிமிடங்களிலேயே விலாவின் ஏற்ற இறக்கம் அடங்கிவிடுவதையும் பார்த்து, நெடுந்தூரம் தாங்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது நினைப்பு, நிரூபணம் அன்று.

உள்ளே இருப்பது வெளியே தெரிவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் ‘செக்ரடேரியட்’ நல்ல உதாரணம். 1973-இல் கென்டக்கி டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தது. குதிரை அவ்வளவுதான் என்று பலர் கைவிட்டார்கள். வாயில் ஒரு சீழ்க்கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. கட்டி ஆறியதும் டெர்பியை வென்றது. அதே ஆண்டு பெல்மான்ட் பந்தயத்தில் இரண்டாவது குதிரையை 31 உடல் நீளத் தூரம் பின்னே விட்டது. 1989-இல் அது இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர், அதன் இதயம் மற்றக் குதிரைகளுடையதைப் போல் இருமடங்குக்குமேல் இருக்கும் என்று கண்ணளவில் மதிப்பிட்டார். அது உயிரோடு ஓடியபோது பார்த்தவர்களுக்கு அந்த இதயம் தெரியவில்லை. அந்தக் கட்டியும் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ‘நேட்டிவ் டான்சர்’ என்ற சாம்பல் நிறக் குதிரை வாழ்நாளில் 22 பந்தயங்கள் ஓடி 21-இல் வென்றது. தோற்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எது தெரியுமா? 1953-ஆம் வருஷத்துக் கென்டக்கி டெர்பி! அதற்கு முன் அது ஓடிய பதினொன்றிலும் வெற்றி. நாடே அதன் பக்கம் இருந்தது. முதல் வளைவில் ஓர் இடிபட்டு, பின்தங்கி, கடைசியில் பாய்ந்து வந்தும் ‘டார்க் ஸ்டார்’ என்ற குதிரையிடம் தலையளவு வித்தியாசத்தில் தோற்றுப்போயிற்று. அதன் பிறகு தோற்கவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கும் நாளை யானையும் தேர்ந்தெடுப்பதில்லை, பாகனும் தேர்ந்தெடுப்பதில்லை. 2022-இல் அதே டெர்பியில் 80-க்கு 1 என்று ஒதுக்கப்பட்ட ‘ரிச் ஸ்டிரைக்’ வென்றது. முந்தின நாள் வேறொரு குதிரை விலகியதால்தான் அதற்கு ஓட இடமே கிடைத்தது.

நம் நாட்டிலும் மகத்தான குதிரைகள் இருந்திருக்கின்றன. 1977-இல் இந்தியன் டெர்பியை வென்ற ‘ஸ்குவாண்டரர்’ 19 பந்தயங்களில் 18-ஐ வென்றது. அப்பேர்ப்பட்ட குதிரைக்கும் ஒரு தோல்வி இருந்தது. அந்த ஒரு தோல்வியன்று அதன்மேல் கட்டணப் பணத்தைக் கட்டியவன் இருந்திருந்தால், மற்றப் பதினெட்டு வெற்றிகளால் அவனுக்கு என்ன பயன்?

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் குதிரை நான்கு முறை வென்றது யாரை? கலந்து கட்டிய கூட்டத்தை. டெர்பிக்கோ பெங்களூரிலிருந்தும் ஹைதராபாதிலிருந்தும் புனேயிலிருந்தும் அங்கங்கே முதலில் வந்தவை வந்து நிற்கும். இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் யார் பள்ளியில் முதல் மாணவனாக இல்லாதவன்? இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, முதல் தேர்வுத் தாளைத் திரும்ப வாங்கிய நாளில்தான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருமே எங்கேயோ முதல் மாணவர்கள் என்பது நமக்கு உறைத்தது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடப்போகிறவற்றில் இதுவே சிறந்த குதிரை. அதில் எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. ஆனால், அது வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ‘சிறந்தது’ என்பதும் ‘வெல்லும்’ என்பதும் ஒன்றல்ல. பன்னிரண்டு குதிரைகள் ஓடும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே குதிரைக்குக் கிடைப்பது பெரிய மதிப்பு. ஆயினும், மிச்சமுள்ள இரண்டு பங்கு மற்றப் பதினொன்றுக்கும் போய்விடுகிறது.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். புக்கிகள் பேசும் விலை ஒன்றுக்கு ஒன்று. முப்பதாயிரம் கட்டி வென்றால் மேற்கொண்டு முப்பதாயிரம் கிடைக்கும். “அண்ணாச்சி, இதே பந்தயம் மூணு ஞாயித்துக்கிழமை நடக்குதுன்னு வச்சிக்கிடுங்க. ஒரு கிழமை முப்பது வரும். ரெண்டு கிழமை முப்பது முப்பதாப் போகும். கூட்டிப் பார்த்தா முப்பதாயிரம் நஷ்டம். இந்த விலைக்குப் பணம் கட்டணும்னா, குதிரை ரெண்டுல ஒரு தடவைக்கு மேல ஜெயிக்கணும்” என்றேன்.

அவர் சட்டியின் மூடியைத் திறந்தபடியே சிறிது நேரம் யோசித்தார். “அப்போ குதிரை நல்ல குதிரைங்கே, பணத்தப் போடாதங்கே. இதுல எது நெசம்?”

“ரெண்டும் நெசம் அண்ணாச்சி.”

“சரி தம்பி, ஒண்ணு கேக்கேன். உங்கப்பா உன்னய இவ்வளவு தூரம் படிக்க அனுப்பும்போது, மூணுல ஒண்ணுன்னு கணக்குப் பார்த்தா அனுப்புனாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. நான் படிக்கக் கிளம்பியபோது அம்மாவின் வளையல்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயின, இன்னும் திரும்பவில்லை. எங்கள் கரிசல் காட்டில் ஒரு வருஷத்து மகசூலும் அதோடு போயிற்று. பள்ளியில் நான்கைந்து பரிசுகள் வாங்கியதைப் பார்த்து, ‘பையன் தேறிவிடுவான்’ என்று அப்பா நம்பினார். நாலைந்து பந்தயம் பார்த்துக் குதிரையை நம்பும் லாயத்துப் பையனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கூடத்தில் நம்முள் எத்தனை பேர் இப்படி யாரோ ஒருவர் தம் முப்பதாயிரத்தைக் கட்டி அனுப்பிய குதிரைகள்! அன்று பகல் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தேனே தவிர, மனம் அந்தக் கேள்வியிலேயே நின்றது.

மறுநாள் காலை அண்ணாச்சிக்குச் சொன்ன பதில் இதுதான். அப்பா என்மேல் பணம் கட்டவில்லை. என்னிடம் பணம் கொடுத்தார். ரேஸில் கட்டிய பணம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துபோகிறது; தோற்ற குதிரையிடமிருந்து கட்டியவனுக்கு ஒரு பிடி புல்கூடத் திரும்புவதில்லை. படிப்பில் போட்ட பணமோ, நான் முதல் வகுப்பில் தேறாவிட்டாலும் என்னிடமே தங்குகிறது. நான் கற்ற உடலியலை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. குதிரைக்கு டெர்பி ஒருமுறைதான். எனக்குத் தேர்வு மறுபடியும் வரும். அப்பா விவசாயி; முளையைப் பார்த்து மகிழ்வார். ஆனால், முளையைப் பார்த்த அன்றே அறுவடைப் பணத்தைச் செலவு செய்ய மாட்டார். முளைக்கும் விளைச்சலுக்கும் நடுவில் மழை இருக்கிறது, பூச்சி இருக்கிறது, களை எடுக்கும் கைகள் இருக்கின்றன. அந்தக் களை எடுப்பைத்தான் அவர் எனக்காகச் செய்கிறார். ரேஸில் பணம் கட்டுபவனுக்கு எடுக்கக் களை ஏதும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கூவலாம், அவ்வளவுதான்.

“உங்க மகளுக்கு நீங்க கட்டுற கட்டணமும் அப்படித்தான் அண்ணாச்சி. அவ ஓடுற ஓட்டத்துல உங்க இட்லியும் கூட ஓடுது” என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார், பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, சட்டைப் பையிலிருந்து கல்லூரி ரசீதை எடுத்துக் காட்டினார். அதற்குள் மடித்து வைத்த இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றும் இருந்தது. “இது அந்தக் குட்டிக்கு. நீ நல்ல குதிரைன்னு சொன்னேல்லா?” என்றார். அதற்கு மட்டும் நான் கணக்குச் சொல்லவில்லை. ஒரு நல்ல உயிர் ஓடுவதைப் பார்க்கும் ஆசைக்கு இருநூறு ரூபாய் அதிகமில்லை.

1996-இல் சென்னை ரேஸ் கிளப் வழக்கில், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நான் மறுக்கவில்லை. குதிரையின் திறமை உண்டு, ஜாக்கியின் திறமை உண்டு, பயிற்சியாளரின் திறமை உண்டு. ஆனால், பெரும்பாலும் திறமை என்றால் மிச்சம் ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? முதல் வளைவில் படும் இடி அந்த மிச்சத்தில் இருக்கிறது; யாருக்கும் தெரியாத சீழ்க்கட்டியும் அதில்தான் இருக்கிறது. பிள்ளையின் கட்டணத்தை அந்த மிச்சத்தின் கையில் கொடுக்கக் கூடாது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது டெர்பி முடிந்திருக்கும். குதிரை வென்றிருந்தால், ‘பார்த்தாயா, அண்ணாச்சிக்கு முப்பதாயிரம் போச்சு’ என்று நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். தோற்றிருந்தால், ‘சரியாகச் சொன்னான்’ என்று முதுகில் தட்டுவார்கள். இரண்டுமே வேண்டாம். மூன்றில் ஒன்று என்று சொன்ன கணக்கை ஒரே ஒரு ஓட்டம் மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. ஒரு முடிவு சரியா தவறா என்பதை, அதை எடுத்தபோது கையில் இருந்த செய்திகளைக் கொண்டுதான் அளக்க வேண்டும். பின்னால் வந்த அதிர்ஷ்டத்தைக் கொண்டு அன்று. நம் தேர்வு முடிவுகள் வரும் நாளிலும் ஒருவரையொருவர் இந்த அளவுகோலால் அளந்துகொண்டால் நல்லது.

என்னைக் கேட்டால், அந்தச் செம்பழுப்புக் குதிரை வெல்ல வேண்டும் என்றே விரும்புகிறேன். கணக்கு வேறு, விருப்பம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணாச்சியும் சேர்ந்தே போகப்போகிறோம். அன்று காலை இட்லி வியாபாரம் சீக்கிரம் முடிந்துவிடும்; விடுதி நண்பர்கள் சற்று முன்னதாகவே எழுந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.